குணமாகிவிட்டார் என்று எழுதியவள்

முன்பின் தெரியாதவர்களிடம் போய், "உங்களுக்கு எங்கே வலிக்கிறது?" என்று கேட்டு, வருகிற பதிலைச் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் அடைத்துவிட்டு வருவது என் தொழில். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும் நின்றும் குனிந்தும் தூக்கியும் வேலை செய்கிறவர்களுக்கு உடம்பு என்ன ஆகிறது, கெட்டுப்போனால் எத்தனை நாளில் தேறுகிறது என்று ஆராய்கிற ஒரு நிறுவனத்துக்காகக் கல்கத்தாத் தெருக்களில் பன்னிரண்டு வருஷமாக அலைகிறேன். கையில் ஒரு டேப்லெட், தோளில் ஒரு பை, பையில் குடை. எனக்கே ஐம்பத்தேழு முடிந்துவிட்டது. முழங்கால்கள் இரண்டும் என்னைக் கேட்காமலே ஓய்வு பெற்றுவிட்டன. மாடிப்படியைப் பார்த்ததும் கைப்பிடியைத் தேடுகிறவர்கள், மெட்ரோவில் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்களா என்று பார்த்தும் பார்க்காத மாதிரி நிற்கிறவர்கள் எல்லோரும் என் கட்சி. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

என் தாத்தா ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இந்த ஊருக்கு வந்தவர். நான் பிறந்ததும் படித்ததும் இங்கேதான். வங்காளிகள் வங்காளத்தில் சொன்னதை இங்கே தமிழில் தந்திருக்கிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். இந்த ஊரில் தீதி என்றால் அக்கா.

போணிக்கு முன்னால்

காளிகாட்டில் ஒரு பாத்திரக் கடை. ஹாராதன் பாபு அங்கே விற்பனைக்கு நிற்பவர், அறுபத்திரண்டு வயது. பரணில் இருந்த அண்டாவை எடுக்க ஏணியில் ஏறி, அண்டாவோடு கீழே வந்துவிட்டார். இடுப்பில் அடி. காலை பத்து மணிக்குப் போய் என் முதல் கேள்வியைக் கேட்டேன். "பொதுவாக உங்கள் உடல்நிலை எப்படி இருக்கிறது?" மிக நன்று, நன்று, சுமார், மோசம், மிக மோசம் என்று ஐந்து கட்டங்கள். அவர், "சோலே ஜாச்சே" என்றார். ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்குக் கட்டம் இல்லை. நல்லதா மோசமா என்று மறுபடி கேட்டேன். மறுபடியும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஒரு முக்காலியில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து ஒரு அம்மாள் வந்து எவர்சில்வர் கரண்டி ஒன்று வாங்கிக்கொண்டு போனாள். அவள் படி இறங்கியதும் ஹாராதன் பாபு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். இடுப்பு வலி, கழிவறையில் குந்த முடியாதது, ராத்திரி புரண்டு படுக்க மனைவி வந்து தள்ளிவிட வேண்டியிருப்பது, எல்லாவற்றையும் நிறுத்தாமல் சொன்னார். சொல்லும்போது கண் கலங்கினார். மிக மோசம் என்ற கட்டத்தை அழுத்தினேன். இதை வந்தவுடனே சொல்லியிருக்கலாமே என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: "போணி ஆகறதுக்கு முன்னாடி வியாதியைச் சொன்னா, அன்னிக்குப் பூரா கடையில வியாதிதான் விலைபோகும், தீதி."

பத்துக்கு மேலே எண் இல்லை

எங்கள் தொழிலில் வலிக்கு ஒரு அளவுகோல் உண்டு. வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து. பெஹாலாவில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பெருக்கித் துடைக்கிற மாலதி தீதிக்கு வலது தோள் உறைந்துபோய்விட்டது. கையைத் தூக்க முடியாது. தலைமுடியை மருமகள் வாரிவிடுகிறாள். வாளியை இடது கையில் தூக்கித் தூக்கி இப்போது இடது தோளும் போய்க்கொண்டிருக்கிறது. எத்தனை என்று கேட்டேன். பக்கத்து வீட்டுச் சந்தியா எத்தனை சொன்னாள் என்று திருப்பிக் கேட்டாள். அதைச் சொல்லக் கூடாது என்றேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, ஆறு என்றாள். சொல்லும்போது தோளைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

கேட்டதை எழுது, பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே என்பது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். நானும் ஆறு என்றே எழுதினேன். அடுத்த மாதக் கூட்டத்தில் எங்கள் மேற்பார்வையாளர் இந்திரநீல், பெஹாலாப் பெண்களின் வலி நடுத்தர அளவில்தான் இருக்கிறது என்று திரையில் ஒரு படம் காட்டினான். என் மகன் வயது, நல்ல பிள்ளை, என்னை மாஷி, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவான். அந்தப் படத்தில் ஏதோ ஒரு புள்ளியாக மாலதி தீதி இருந்தாள். பெஹாலாவில் அவளிடம் விடைபெறும்போது, பத்து என்று ஓர் எண் இருக்கிறதே, அதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டிருந்தேன். அதற்கு அவள்: "பத்தை இன்னிக்கே சொல்லிட்டா, நாளைக்கு வலிக்கிறதுக்கு எதைச் சொல்வேன்?"

ஸ்டூல்

இனி ஆறுமுகம் அண்ணாச்சி. சொல்ல வந்ததே இவரைத்தான். மற்றதெல்லாம் சொல்லத் தயங்கிச் சுற்றி வந்தது.

பவானிபூரில் ஒரு டிபன் கடையில் தோசை மாஸ்டர். தென்காசிப் பக்கத்துக்காரர், ஐம்பத்தெட்டு வயது. மனைவி ஊரில். இவர் கடைக்கு மேலே தாழ்ந்த கூரை போட்ட ஓர் அறையில் இருக்கிறார். சர்க்கரை வியாதி. வலது பாதத்தின் அடியில் ஒரு புண் வந்து ஆறாமல் இருந்தது. காலை ஆறு முதல் பதினொன்று, சாயங்காலம் நாலு முதல் ஒன்பது என்று தோசைக்கல்லுக்கு முன்னால் நிற்கிற கால். எங்கள் ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. வாரம் ஒரு முறை ஒரு கிளினிக்கில் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுவார்கள், பாதத்தில் பாரம் விழாதபடி ஒரு செருப்பும் கொடுப்பார்கள். இடங்கள் கொஞ்சம்தான், வெளியே நீளமான பட்டியல் காத்திருக்கிறது. அண்ணாச்சிக்கு இடம் கிடைத்தது. காலை ஊன்றாமல் மூன்று மாதம் இருந்தால் புண் ஆறிவிடும், இல்லையென்றால் காலுக்கு ஆபத்து என்று அங்கே டாக்டர் சொன்னார். பக்கத்தில் நின்று அதைத் தமிழில் சொன்னவள் நான்தான்.

முதலில், உட்கார்ந்து வேலை செய்ய ஏற்பாடு வேண்டும் என்று கடை முதலாளிக்கு எங்கள் நிறுவனம் கடிதம் அனுப்பியது. அடுத்த தடவை நான் போனபோது ஒரு புது ஸ்டூல் இருந்தது. அதில் பார்சலுக்குக் காத்திருந்த ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். தோசைக்கல் மேடை நிற்கிற ஆளின் இடுப்புக்கு அளந்து கட்டியது. உட்கார்ந்தால் கல்லின் அந்தக் கரைக்குக் கை எட்டாது, சூடு நேராக முகத்தில் அடிக்கும். மேடையை இடித்துக் கட்டினால் கடையை ஒரு வாரம் மூட வேண்டும். முதலாளிக்கு நாற்பது வயது, இங்கேயே பிறந்தவர், கெட்ட மனுஷர் இல்லை. என் டேப்லெட்டைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "ஸ்டூல் குடுத்தாச்சு தீதி, நீங்க ஃபோட்டோ எடுத்துக்கோங்க."

எடுத்துக்கொண்டேன். இருக்கை வசதி, உண்டு.

ஒரு தோசை

கடைசியில் முதலாளியே வேறொரு மாஸ்டரை வைத்துக்கொண்டு அண்ணாச்சிக்கு ஓய்வு கொடுத்தார். அண்ணாச்சி மேலே அறையில் காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தார். வாரம் தவறாமல் கிளினிக்குக்குப் போனார். ஆறு வாரத்தில் புண் பாதியாகச் சுருங்கிவிட்டது. கட்டுப் போடுகிற நர்ஸே சந்தோஷப்பட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் என் அடுத்த சுற்று வந்தது. மத்தியானம் மூன்று மணி, கடை ஓய்ந்திருந்தது. புது மாஸ்டர் எங்கோ போயிருந்தார். மரப்படியில் நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்ததை அண்ணாச்சி மேலிருந்து பார்த்துவிட்டார். நீங்கள் ஏற வேண்டாம் என்று சொல்லி, வேண்டாம் வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, அவரே குதிகாலை ஊன்றி இறங்கி வந்தார். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வியெல்லாம் முடிந்தது. நான் கிளம்பினேன். சாப்பிட்டீர்களா என்றார். நான் சாப்பிடவில்லை. பொய் சொல்லத் தெரியாத முகம் என்னுடையது. அவர் அடுப்பைப் பற்றவைத்தார்.

நான் தடுத்தேன். ஆனால் எப்படித் தடுத்தேன்? "எதுக்கு அண்ணாச்சி சிரமம்" என்று, நம் ஊரில் எல்லோரும் சாப்பிடப் போகிறபோது தடுப்பார்களே, அப்படித்தான் தடுத்தேன். அதைத் தடுத்ததாக யார் எடுத்துக்கொள்வார்கள்? காலையிலிருந்து பசி. ஆறு வாரமாகக் கல்லைத் தொடாத மனுஷர் கரண்டியை எடுத்தபோது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தையும் பார்த்துவிட்டேன். ஓரம் முறுகலாக ஒரு தோசை வந்தது. அதைப் போல நான் சாப்பிட்டதில்லை. நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் வந்து மசால் தோசை கேட்டார்கள். கல் சூடாக இருக்கிறதே என்று அவர்களுக்கும் ஊற்றினார்.

டேப்லெட்டில் நானே பார்த்து நிரப்ப வேண்டிய கடைசிக் கேள்வி மீதி இருந்தது. நேரில் பார்த்தபோது அவர் வேலை செய்துகொண்டிருந்தாரா? ஆம், இல்லை, இரண்டே கட்டங்கள். முந்தின மாதம்தான் எங்களில் ஒருவர், பார்க்காததைப் பார்த்ததாக எழுதிய குற்றத்துக்காக வேலையை இழந்திருந்தார். நான் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு பொய் எழுதியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆம் என்று அழுத்தினேன். அப்படி அழுத்தினால் வேலைக்குத் திரும்பியவர் என்று பதிவாகும் என்று எனக்குத் தெரியும். அதனால் கீழே குறிப்புக் கட்டத்தில், விருந்தாளிக்காகச் சிறிது நேரம் எழுந்து நின்றார், இன்னும் ஓய்வில்தான் இருக்கிறார் என்று விவரமாக எழுதினேன். யாராவது படிப்பார்கள் என்று நினைத்தேன். கைகழுவிவிட்டு வந்தபோது அண்ணாச்சி கல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தோசைக் கடைக்கு வந்துட்டு வெறும் வயித்தோட போனா நல்லாவா இருக்கும், தீதி?"

வாழ்த்துச் செய்தி

குறிப்புக் கட்டத்தை யாரும் படிப்பதில்லை. இதைப் பன்னிரண்டு வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஆய்வில் வேலைக்குத் திரும்பினால் குணமானவர். அவ்வளவுதான் இலக்கணம். பசிக்காகத் திரும்பினாரா, வெட்கத்துக்காகத் திரும்பினாரா, ஒரு தோசைக்காகத் திரும்பினாரா என்று இயந்திரம் கேட்காது. குணமானவரின் கிளினிக் இடம் தானாகவே பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். அவருடைய ஃபோனுக்கு ஒரு செய்தி போகும், வாழ்த்துகள், நீங்கள் குணமடைந்தது பதிவாகியிருக்கிறது என்று வங்காளத்திலும் இங்கிலீஷிலும். அண்ணாச்சிக்கு இரண்டும் படிக்க வராது. முதலாளியிடம் காட்டியிருக்கிறார். முதலாளி சத்தமாகப் படித்துச் சந்தோஷப்பட்டு, புது மாஸ்டரை அந்த வாரக் கடைசியில் அனுப்பிவிட்டார்.

நான் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது அண்ணாச்சி கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். யார் உங்களை நிற்கச் சொன்னது என்று சண்டைக்குப் போகிற மாதிரி கேட்டேன். எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்து அந்தச் செய்தியைக் காட்டினார். மகன் பரீட்சையில் பாஸான பேப்பரைக் காட்டுகிற முகம். "உங்க ஆபீஸ்லேர்ந்தே குணமாயிட்டுன்னு வந்திருக்கு, பாத்தியளா?"

பூட்டிய பெட்டி

அங்கிருந்து நேராக ஆபீஸுக்கு ஓடினேன். ஓடினேன் என்று சொல்கிறேன், என் முழங்காலுக்கு அது ஓட்டம்தான். நான் எழுதியது தவறு, மாற்றிவிடு என்று இந்திரநீலிடம் சொன்னேன். அவன் குறிப்புக் கட்டத்தைத் திறந்து முழுவதும் படித்தான். அநேகமாக அவன் படித்த முதல் குறிப்பு அதுவாகத்தான் இருக்கும். அவன் முகம் வாடிவிட்டது. ஆனால் மாத முடிவோடு டேட்டாவைப் பூட்டிவிட்டார்கள், அவனால் திறக்க முடியாது. திறக்க முடிந்தவர்களுக்கு அவன் மெயில் எழுதினான், என் கண் முன்னாலேயே. பதில் வந்தது. கண்ணால் பார்த்ததைப் பதிந்திருக்கிறார், எனவே பிழை எதுவும் இல்லை என்று. கிளினிக் இடம் வேறொருவருக்குப் போயிருந்தது. அவருக்கும் காலில் புண். அவரிடமிருந்து பிடுங்கிக் கொடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இந்திரநீல் எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, ஆறுதலாகத்தான் சொன்னான்: "மூணு மாசம் கழிச்சு அடுத்த சுத்துல 'மறுபடி நோயுற்றவர்'னு போடலாம் மாஷி, அதுக்குக் கட்டம் இருக்கு."

நடுவில் என் முழங்கால்

இந்த மூன்று மாதத்தில் அண்ணாச்சியை அரசு ஆஸ்பத்திரிக்கு நானே இரண்டு முறை கூட்டிப்போனேன். புறநோயாளி வரிசை காலையில். காலை என்பது டிபன் நேரம். இரண்டு முறைக்கு மேல் அவர் வரவில்லை. நானும் எத்தனை முறை முதலாளியிடம் கெஞ்சுவது? குணமாகிவிட்டார் என்று செய்தி வந்திருக்கிறதே என்றார் அவர். அந்தச் செய்தி எங்களுடையது.

வரிசையில் நின்று நின்று என் இடது முழங்கால் வீங்கிவிட்டது. எங்கள் நிறுவனத்தில் ஊழியர்களுக்காக ஒரு நாள் உடல்நல முகாம் நடத்தினார்கள். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில். ஒரு மணிக்கு ஒரு தடவை நாற்காலியிலிருந்து எழுந்து நில்லுங்கள் என்று ஒரு பெண் சொல்லிக்கொடுத்தாள். எனக்கு நாற்காலியே கிடையாது, நான் களப் பணியாளர். முடிந்ததும் அவள், உடம்பு எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்டாள். நான் யோசிக்காமல், "சோலே ஜாச்சே" என்றேன். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. இந்த ஆய்வில் என்னையும் சேர்த்துக்கொள்ளலாமே, எனக்கும் வயதாகிறது, நானும் வேலை செய்கிறேன் என்று பாதி விளையாட்டாகக் கேட்டேன். அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "கேள்வி கேக்கிறவங்களைச் சேர்த்தா ஆய்வு கெட்டுப்போயிடும், மாஷி."

உட்கார்ந்தவர்

அடுத்த சுற்றுக்கு முன்னாலேயே அண்ணாச்சியின் கால் விரல்கள் கறுத்துவிட்டன. காய்ச்சலோடு முதலாளியே டாக்சி வைத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் போனபோது முடிந்துபோயிருந்தது. ஊரிலிருந்து அவர் மனைவி வந்திருந்தார். இந்த அம்மாதான் நமக்கு உதவி செய்தவங்க என்று என்னைக் காட்டி அவரிடம் சொன்னார் அண்ணாச்சி. அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் உண்மையைச் சொல்லவில்லை. அந்தக் கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை. நடைபாதையில் வந்து நின்று அழுதேன்.

சில மாதம் கழித்து, ஆய்வின் கடைசிச் சுற்றுக்குக் கடைக்குப் போனேன். வேறு யாரையாவது அனுப்பு என்று இந்திரநீலிடம் கேட்டேன், ஆள் இல்லை. கல்லுக்கு முன்னால் ஒரு புது மாஸ்டர். உள்ளே பின்பக்கம் அண்ணாச்சி உட்கார்ந்து மசாலாவுக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்திருந்தது அதே ஸ்டூலில். ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது. முதலாளி அவரை வெளியே அனுப்பாமல் வைத்துக்கொண்டதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும், சொன்னேன்.

கேள்விகளைக் கேட்டேன். இருக்கை வசதி, உண்டு. வலது பாதத்தில் புண், இல்லை. நேரில் பார்த்தபோது வேலை செய்துகொண்டிருந்தாரா, ஆம். ஒவ்வொன்றும் உண்மை. திரையில் பச்சை நிறத்தில் குணமானவர் என்று வந்தது. குறிப்புக் கட்டத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதினேன், இடம் தீர்ந்துபோகும் வரை எழுதினேன். தலையைத் தூக்கியபோது அண்ணாச்சி உள்ளே பார்த்து, தீதிக்கு ஒரு தோசை போடச் சொல்லிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றேன். இந்தத் தடவை நிஜமாகவே வேண்டாம் என்றேன், அது அவருக்கும் புரிந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னைத் தேற்றுகிற மாதிரி சொன்னார்: "நீங்கதான அன்னைக்கே உக்காரச் சொன்னிய, தீதி. இந்தா, உக்காந்துட்டேன்லா."

என்னைப் போல வலியைக் கட்டங்களில் அடைக்க யாராவது இந்தத் தொழிலுக்கு வருவதாக இருந்தால் அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: நோயாளி கையால் சாப்பிடாதீர்கள், சாப்பிட்டுவிட்டால் கண்ணால் பார்த்ததை எழுதாதீர்கள்.